பாட்டுக்குப் பதில் பாட்டு

"அதெல்லாம் வெறும் டிராமாப் பாட்டு" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிற சங்கீத ரசிகர்கள் உண்டு. அவர்களோடு எனக்குத் தீராத வழக்கு. ராக விஸ்தாரம் கிடையாது, மெட்டு இரவல், எதுகை மோனை மிதமிஞ்சிப் போய்விட்டது என்று அவர்கள் அடுக்குகிற குற்றங்களில் பாதியை நானே ஒப்புக்கொள்வேன். ஆனாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு என்றால், இரவு முழுக்க மணல் தரையில் உட்கார்ந்து கேட்க இன்றைக்கும் தயார்.

சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். எமன், இரணியன், சனீஸ்வரன் என்று பயங்கர வேஷங்களாகப் போட்டு, பிறகு வாத்தியாராக அமர்ந்தார். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய சிறுவர் நாடக சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள்.

மெட்டு இரவல் என்பது வாஸ்தவம். பார்சி நாடகக்காரர்கள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டு, கர்நாடகக் கீர்த்தனை, நம் ஊர்ச் சிந்து எல்லாம் அந்த நாடகங்களில் கலந்து கிடக்கின்றன. கல்யாணச் சமையலுக்குப் பாத்திரத்தை இரவல் வாங்கினால், விருந்து யாருடையது என்று யாராவது கேட்கிறார்களா? அந்தப் பாத்திரத்தில் என்ன வெந்தது என்பதல்லவா விஷயம்! ஒலிபெருக்கி இல்லாத காலம். பத்து வயதுப் பையன் மேல் ஸ்தாயியில் பாட வேண்டும். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சொல் புரிய வேண்டும். சந்தம் நன்றாகத் தெரிந்த புலவர் எழுதியதால் சொற்கள் மெட்டில் சண்டை போடாமல் உட்காருகின்றன. குரல் நீளுகிற இடத்தில் நெடில் காத்திருக்கிறது. இதைச் சாமான்யமாக நினைக்கக் கூடாது. பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் பெரியப்பா ஒருவர், கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கோயில் விக்கிரகம் போல் துணியில் சுற்றி வைத்திருந்தார். 1906-ல் செங்கோட்டையில் பிறந்து 1933-ல் இருபத்தேழு வயதில் மறைந்த மனிதர் கிட்டப்பா. அந்தக் குரலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பாட்டுகளின் மேல் பழி விழுந்ததற்கு இசைத்தட்டும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம்தான் அடங்கும். முருகன் பாடினது கேட்கும். வள்ளி என்ன பதில் சொன்னாள் என்பது கேட்காது. கோர்ட்டில் ஒரு கட்சி வக்கீல் பேசினதை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்ன கதைதான்.

சுவாமிகளின் பாட்டுக்கு உயிர் பதிலில் இருக்கிறது. 'வள்ளி திருமண'த்தில் நாரதர் வந்து வள்ளியிடம் தர்க்கம் செய்கிறார். பிறகு வேடனாகவும் கிழவனாகவும் முருகன் வருகிறான். ஒருவர் ஒரு மெட்டை எடுத்து வீசினால், மற்றவர் அதே மெட்டைப் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். 'சத்தியவான் சாவித்திரி'யைப் பாருங்கள். எமனிடமிருந்து புருஷனை மீட்க அந்தப் பெண்ணிடம் வேல் உண்டா, வாள் உண்டா? வாய்தான் உண்டு. தர்க்கத்தில் தோற்றால் தாலி போகும். அந்த இடத்தில் பாட்டை எடுத்துவிட்டால் நாடகத்தில் மிச்சம் என்ன? பாட்டு கதையை நிறுத்துகிறது என்று குறை சொல்கிறவர்கள் இந்த ஒரு கட்டத்துக்காவது பதில் சொல்லட்டும்.

குறை இல்லாமல் இல்லை. அழ வேண்டிய இடத்திலும் சுவாமிகள் மோனையை விடமாட்டார். துக்கத்தில் இருப்பவளுக்கு இத்தனை அழகாகச் சொல் அடுக்க மனம் வருமா என்று எனக்கே பல தடவை தோன்றியிருக்கிறது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் வசன நாடகத்தை வளர்த்ததற்கு நியாயம் இருந்தது. நாவல் எழுதுகிற எனக்கு, கட்சி சேரச் சொன்னால், அவர் பக்கம்தான் இடம். ஆனால் கட்சி வேறு, காது வேறு.

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. வாய் அடைத்துப் போயிற்று. எத்தனையோ பேருடைய வாயில் சொல்லைப் போட்டவருக்குத் தம் சொல் வரவில்லை. அந்த நிலையிலும் கம்பெனிப் பிள்ளைகளோடே இருந்தார். 1922 நவம்பர் 13-ம் தேதி புதுச்சேரியில் காலமானார். டி. கே. சண்முகம் பிற்காலத்தில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யில் அந்த நாட்களைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேன். வாத்தியார் பேச முடியாமல் படுத்திருக்க, அவர் எழுதியதைப் பிள்ளைகள் மேடையில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே கிடப்பவருக்கு எதிர்ப்பாட்டுப் பாட வழியில்லை.

மதுரை, புதுக்கோட்டைச் சீமையில் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் இன்னும் நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருகிறார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. ஹார்மோனியக்காரர் சுருதி பிடித்ததும் அவர் ஒரு பாட்டை எடுக்கிறார். முன்பின் பழகாத அந்த அம்மாள் சளைக்காமல் பதில் கொடுக்கிறாள். இருவரும் தெரிந்து வைத்திருப்பது சுவாமிகளின் பாடத்தை. பெயர் தெரியாத இரண்டு பேர் விடியும்வரை சண்டை போட்டுக் கடைசியில் கல்யாணம் செய்துகொள்ள, செத்து ஒரு நூற்றாண்டான மனிதர் வழி செய்து வைத்திருக்கிறார். இதற்குமேல் ஒரு பாட்டு என்ன செய்ய வேண்டும் என்று சங்கீத ரசிகர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.