எத்தனை முட்டை விலை?

பூச்சி, உரம், மானியம் என்று கேட்க வரும் விவசாயிகள், பேச்சு முடிந்து டீ குடிக்கும்போது வீட்டு விஷயமும் கேட்பார்கள். அண்மைக்காலமாக அடிக்கடி வரும் கேள்வி இது: "சார், பையன் கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கித் தரச் சொல்லி அடம் புடிக்கிறான். என்ன செய்யுறது?"

மாதம் இவ்வளவு என்று கைச்செலவுக்குக் கொடுத்துப் பழக்குங்கள் என்பார்கள். அது மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குச் சரி. நம் வீட்டில் பணம் போகத்துக்குப் போகம்தான் வருகிறது. சம்பா நெல் விற்ற வாரத்தில் எல்லோர் கையும் தாராளமாகிவிடும். ஊர்த் திருவிழா, புதுக் கைபேசி, பிள்ளைக்குப் பொம்மை எல்லாம் அப்போதுதான். அடுத்த பயிருக்கு மேலுரம் போடும் நேரத்தில் கையில் காசிருக்காது. வீட்டு நகை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். நெல் விற்ற பணம் அடுத்த அறுவடை வரை வர வேண்டியது என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்து விவசாயிகள் சிலரை, கிண்டி தொழிற்பேட்டையில் சிப்பெட் சாலையில் இருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத் தகவல், பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒரு தம்பதி ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனையும் கூட்டிவந்திருந்தார்கள். பயிற்சி முடிந்து கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனோம். வெளியே ஒருவர் பிளாஸ்டிக் பைனாகுலர் விற்றுக்கொண்டிருந்தார். விலை 150 ரூபாய். பையன் நகரவே இல்லை.

அப்பா திட்டவில்லை. "எத்தன முட்ட விலடா அது?" என்று மட்டும் கேட்டார். வீட்டிலுள்ள இரண்டு நாட்டுக்கோழிகள் பையனுடைய பொறுப்பாம். முட்டையை 15 ரூபாய்க்கு விற்றுக் காசை அவனே வைத்துக்கொள்வானாம். பையன் விரல்விட்டு எண்ணினான். "பத்து முட்டப்பா." கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு வாங்கிவிட்டான்!

பேருந்து மதுராந்தகம் தாண்டுவதற்குள் அதன் ஒரு கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது. பையன் முகம் வாடியது. அம்மா "வேற வாங்கிக்கலாம்டா" என்று சொல்ல வாயெடுத்தார்; அப்பா கண்ணாலேயே தடுத்துவிட்டார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றும் யாரும் சொல்லவில்லை. பத்து முட்டைக் காசில் அவன் கற்றுக்கொண்டதை ஒரு மணி நேர அறிவுரையில் கற்றுத்தர முடியாது. பிள்ளைகள் 150 ரூபாயில் ஏமாறலாம். பெரியவனான பிறகு 15,000 ரூபாயில் ஏமாறினால்தான் வலிக்கும்.

அந்த அப்பா செய்தது நம் தொழிலுக்குப் புதிதல்ல. நெல்லில் நாலு இலை சுருண்டதுமே மருந்தடிக்காதீர்கள் என்கிறோம். வளரும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை சேதமானால்தான் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து. அதுவே பொருளாதாரச் சேத நிலை. முதலில் எண்ணு, பிறகு செலவழி. ஆனால், மருந்துக்கடைக்காரர் "கூடவே இந்த டானிக்கையும் அடிங்க" என்றதும் எண்ணாமலே வாங்கி வருகிறோம். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்குப் பள்ளியில் நடந்த சஞ்சயிகா சேமிப்புத் திட்டம் நினைவிருக்கும். பத்துப் பைசா, நாலணா என்று போடுவோம். கணக்கு எழுதுவதிலும் மாணவர்களுக்குப் பங்குண்டு. தன் காசு, தன் கணக்கு என்று வந்ததும் மிட்டாய்க் கடை முன்னால் கால் தானாக யோசிக்கும். அதை இப்போது வீட்டிலேயே செய்யலாம்:

• கோழி, ஆட்டுக்குட்டி, இரண்டு பாத்தி கீரை என ஏதாவது ஒன்றின் வரவைப் பிள்ளைக்கு விடுங்கள். வரவையும் செலவையும் அதுவே நோட்டில் எழுதட்டும்.

• பெரிய பொருள் கேட்டால் மறுக்க வேண்டாம். "அடுத்த சந்தை நாள் வரை பொறு, அப்பவும் வேணும்னா பேசலாம்" என்று சொல்லுங்கள். பாதி ஆசை அதற்குள் ஆறிவிடும்.

• கைபேசியில் செலுத்தினால் காசு குறைவது பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. சந்தையில் முடிந்தவரை ரொக்கமாகக் கொடுங்கள். பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

• பத்து வயதான பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம். 500 ரூபாய் இருந்தால் போதும்.

அடுத்த போகத்துக்கு விதை, உழவு, உரம், கூலி என்று கணக்குப் போடும்போது, பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டை அதன் கையில் கொடுங்கள். ஒரு மூட்டை உரம் எத்தனை முட்டை விலை என்று அதுவே உங்களுக்குச் சொல்லும்.