கொடிக்கால் முடிச்சு

சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்ட இந்நாளில், லயங்களைக் காலி செய்துகொண்டு ஈப்போவின் புறநகர்களில் குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்களிடம் தோட்டத்து வாழ்வின் அடையாளமாக எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள் ஒன்று, சந்தையில் விலைக்குக் கிடைக்காததும், பெருநெல்லி அளவேயானதும், காம்பைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம் விழுந்ததும், ரசத்துக்கென்றே சிருஷ்டிக்கப்பட்டதுபோலப் புளிப்பு மிகுந்ததுமான ஒரு தக்காளி. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தைக் கொண்டே சூல்கொள்வதால், கனிந்த பழத்தைப் பிசைந்து, ஓரிரு நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவி, சாம்பலில் புரட்டி உலர்த்தி வைத்த விதை தலைமுறை கடந்தும் குணம் மாறாமல் முளைக்கிறது. அப்பாயியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கும் இவ்வம்சம் வந்தது. ஆயினும் என் சிந்தையைக் கவர்ந்தது விதையன்று. விதையோடு கூடவே எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு முடிச்சு.

அம்மா வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து, முதலில் கழியில் இறுக்கி, பிறகு கழிக்கும் தண்டுக்கும் நடுவே ஒருமுறை முறுக்கி, தண்டைச் சுற்றி விரல் நுழையும் இடம்விட்டுத் தளர்த்தி, முடிச்சு எப்போதும் கழியின் பக்கமே விழும்படி முடிப்பார். ஒரு சாணுக்கு ஒரு கட்டு. அதுவும் கணுவுக்குக் கீழே. காற்றடித்தால் செடி அசையும், ஆனால் கழியில் உராயாது. தண்டு பருத்தாலும் நார் அதை அறுக்காது. இதை யார் கற்பித்தார்கள் என்று கேட்டால், "அப்பாயி இப்படித்தான் கட்டுவாங்க" என்பதற்கு மேல் அவரிடமிருந்து விடை பெயராது.

ஆகவே முதலில் செடியையே விசாரித்தேன். தக்காளியின் காட்டு மூதாதைகள் பெரு, ஈக்வடார் பிரதேசங்களில் தரையில் படர்ந்து கிடப்பவை. மெக்ஸிகோவில் பயிராகப் பண்பட்டு, ஸ்பானியரோடு கடல் கடந்து, 1544-இல் இத்தாலிய வைத்தியர் மத்தியோலியின் நூலில் இடம்பெறும் அளவுக்கு அது ஐரோப்பாவில் பிரசித்தமாயிற்று. டார்வின் 1865-இல் ஏறுகொடிகளை ஆராய்ந்தபோது, தண்டால் சுற்றி ஏறுவன, இலைக்காம்பால் பற்றுவன, பற்றுச்சுருள் உடையன, கொக்கியாலும் வேராலும் தொற்றுவன என்றெல்லாம் வகுத்தார். நம் தக்காளி இவற்றில் எந்தப் பந்தியிலும் உட்காராது. பாரி முல்லைக்குத் தேரீந்தான் என்றால், முல்லை தானே அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். தக்காளிக்கு ஈந்திருந்தால், கட்டிவிட ஓர் ஆளையும் நிறுத்திவிட்டல்லவா அவன் நடந்து போயிருக்க வேண்டும்! 1914-இல் ஃபுளோரிடாவில் குறிப்பிட்ட உயரத்தோடு வளர்ச்சி நின்றுவிடும் செடி ஒன்று தானாகத் தோன்றியதிலிருந்து, கொம்பில்லாமலே விளையும் ரகங்கள் உலகில் பெருகின. எங்களுடையதோ நுனி ஓயாமல் நீளும் பழைய சுபாவமுடையது. கிந்தாப் பள்ளத்தாக்கின் மாலை மழை மண்ணைத் தெறித்து அடியிலைகளில் நோயை ஏற்றுவதால், இதைத் தரையில் படரவிட்டவனுக்குப் பழம் கிடைப்பதில்லை, நத்தைக்குக் கிடைக்கிறது.

கட்ட வேண்டிய காரணம் இவ்வாறு விளங்கிற்று. கட்டும் வித்தை எங்கிருந்து வந்தது என்பதற்கு, ஈயம் தோண்டி ஓய்ந்த நிலங்களில் காய்கறி பயிரிடும் சீனக் குடியானவர் ஒருவரிடம் போனேன். அவர் கழிகளை எதிரெதிரே சாய்த்து நட்டு, தலைகளைக் கூட்டிக் கட்டி, மேலே ஒரு குறுக்குக் கழியைக் கிடத்தி, பயற்றங்காயையும் பாகலையும் ஏற்றியிருந்த மாதிரி, எங்கள் கொல்லையில் உள்ளதற்கு அணுவளவும் வேறுபடவில்லை. கழி நடும் முறையை நாங்கள் அவர்களிடம்தான் கற்றோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் தண்டைக் கட்டுவதே கிடையாது. ராபியா என்னும் பிளாஸ்டிக் கயிற்றைக் கழிக்குக் கழி இழுத்து, செடியை இரண்டு இழைகளுக்கிடையே நிறுத்திவிடுகிறார். பெருந்தொகையாகப் பயிரிடுவோருக்கு ஒவ்வொரு தண்டாக முடிச்சிட நேரமேது? தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கும் ஏறிப் பார்த்தேன். அங்கே மேற்கம்பியிலிருந்து தொங்கும் கயிற்றில் செடியைச் சுற்றிவிடுகிறார்கள். முடிச்சுத் தேடிப் போனவனுக்கு அங்கே வேலையில்லை.

துப்புக் கிடைத்தது தோட்டத்து மனுஷியிடம். குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத்துத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அத்தகைய துண்டு நிலத்தில் பாடுபட்டு முதிர்ந்த ஒரு பால்வெட்டுக்கார அம்மையாரிடம், கைக்கெட்டும் தூரத்தில் இழுத்தால் நீளும் ஒட்டுப்பால் இருக்க, வாழை நார் எதற்கு என்று கேட்டேன். "ஒட்டுப்பாலு வெயில்ல பிசுபிசுத்துப் போயிடும் தம்பி. அது கம்பெனி சொத்து வேற. வெத்தலக் கொடிக்குக் கட்டுறாப்பலதான் இதுக்கும்" என்றார் அவர், நான் கேட்டதே விநோதம் என்பதுபோல.

அப்பாயி பிறந்தது காவிரிக்கரையில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர்போன லாலாப்பேட்டைப் பக்கம். இந்திய சர்க்கார் 1938-இல் தோட்டக் கூலிகளை உதவியளித்து அனுப்புவதைத் தடுத்ததற்கு முன்பே, கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். பின்னர் நான் அவ்வூருக்குச் சென்று, அகத்தி நிழலில் சில்லென்றிருந்த ஒரு கொடிக்காலுக்குள் நுழைந்தபோது, வயதான ஒருவர் நனைத்த வாழை நார்க் கற்றையை இடுப்பில் செருகிக்கொண்டு கொடிகட்டிக்கொண்டிருந்தார். கொடிக்காலில் அகத்தியே உயிருள்ள கொழுகொம்பு. வெற்றிலைக் கொடி கணுவில் விடும் வேர்களால் அதைப் பற்றிக்கொள்ளுமாயினும், இளங்கொடியைக் கட்டிவிட்டால்தான் நேராக ஏறும். கொடியும் பருக்கும், அகத்தியும் பருக்கும்; ஆதலால் இறுக்கிக் கட்டியவன் இரண்டையும் கெடுத்தவனாவான். அவர் நாரை நடுவே ஒரு முறுக்கு முறுக்கி, கணுவுக்குக் கீழே தளரவிட்டு, மரத்தின் பக்கம் முடிந்தார். கடல் கடந்து வந்த எனக்கு அந்தக் கைகள் அந்நியமாகத் தோன்றவில்லை.

எண் எட்டைப் போன்ற இந்தக் கட்டு ஆங்கிலேயரின் தோட்டக்கலையிலும் உண்டு. துரைமார் பங்களாக்களில் வேலை செய்தவர்கள் மூலம் லயத்துக்கு வந்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபந்தான். ஆனால் நனைத்த நார், சாண் கணக்கு, கணுவுக்குக் கீழே கட்டுதல், கொம்பின் பக்கம் முடிச்சு ஆகிய நான்கையும் ஒருங்கே நான் கண்டது கொடிக்காலில் மட்டுமே. பேராக்கின் மண்ணில் தக்காளியைக் கண்ட அப்பாயி, அதற்கெனப் புதிதாக எதையும் யோசிக்காமல், வெற்றிலைக்குச் செய்த உபசாரத்தையே அதற்கும் செய்திருக்கிறார் என்பதே என் துணிபு.

பழைய தோட்டத்துக் குடும்பங்களைத் தேடிச்சென்று நாட்டு விதை கேட்டு வாங்குவோர் இப்போது சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: விதையைக் கொடுக்கும் மூதாட்டியைச் செடியருகே அழைத்துச்சென்று, ஒரு கட்டுக் கட்டிக்காட்டச் சொல்லி, அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ராபியாவை எடுக்காதீர்கள், அது மக்குவதில்லை. நாருக்கு எங்கே போவது என்றும் கேட்க வேண்டாம். வாழையில்லாத கொல்லை நம் ஊரில் அரிது.