இகுவலாடாவின் சனிக்கிழமைகள்

1993, 94, 95, 96, 98, 99. இகுவலாடாவில் வயதான யாரைக் கேட்டாலும் இந்த ஆண்டுகளை ஒரே மூச்சில் சொல்வார்கள். நடுவில் விடுபட்ட 97-ஐக் கேட்டால் மட்டும் முகம் சற்றே சுருங்கும். அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பை பார்சிலோனாவுக்குப் போய்விட்டது. ஏழு ஆண்டுகளில் ஆறு முறை ரோலர் ஹாக்கியின் ஐரோப்பியக் கோப்பையை வென்றது இகுவலாடா ஹாக்கி கிளப். ஸ்பெயினின் கத்தலோனியாவில் இருக்கும் அந்த ஊரின் மக்கள்தொகை அப்போது முப்பதாயிரம் சொச்சம்தான்.

அந்தக் கோப்பைகள் எதையும் வெல்லும்போது நான் அங்கே இல்லை. வாணியம்பாடியிலிருந்து தோல் வேலைக்காக அந்த ஊருக்குப் போனபோது எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் ஊருக்குத் திரும்பிய பிறகு என் நினைவு அடிக்கடி போய் நிற்பது அந்த ஹாக்கி அரங்கத்தில்தான்.

இகுவலாடா தோலுக்குப் பேர்போன ஊர். ரெக் என்ற வாய்க்காலை ஒட்டிப் பழைய டேனரிகள் வரிசையாக நிற்கும். கீழ்த்தளத்தில் கல்தொட்டிகள், மேல்தளத்தில் காற்றோட்டத்துக்குப் பலகை அடைத்த நீள நீளமான ஜன்னல்கள்; அங்கேதான் தோலைக் கட்டிக் காயவைப்பார்கள். அந்த வாடை எனக்குப் பழகிய வாடை. 1954-லேயே தோலுக்கென்று ஓர் அருங்காட்சியகம் வைத்த ஊர் அது. தோலுக்கு அடுத்தபடி அந்த ஊர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, 1950-இல் தொடங்கிய இந்த ஹாக்கி கிளப்பைத்தான்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காலில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு எனச் சக்கரம் வைத்த ஸ்கேட்ஸ். நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலத்தில் தளம். சுற்றிலும் இடுப்பளவு தடுப்புப் பலகை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். பந்து கெட்டி ரப்பர். அது பலகையில் மோதித் திரும்புவதையும் கணக்குப் போட்டுத்தான் ஆட வேண்டும். கோலுக்குப் பின்னாலும் தளம் உண்டு. அங்கே போய்ப் பந்தை மறைத்துவைத்துச் சுற்றி வருவதே தனிக் கலை. கோல்கீப்பர் நின்று ஆடுவதில்லை, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். மேலே வரும் பந்துக்குக் கையுறை, கீழே வருவதற்குக் காலில் கட்டிய பட்டை. எதிராளி மட்டையை ஓங்குவதற்குள் அவர் முடிவெடுத்திருக்க வேண்டும். நான் எப்போதும் கோலுக்குப் பின்பக்கமாகவே இடம் பிடிப்பேன். பந்து பட்டையில் பட்டு எழும் அந்தத் 'தொப்'பென்ற சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் கேட்பதற்காகவே.

அரங்கத்தின் பெயர் லெஸ் கோமஸ். இடைவேளை விட்டதும் பொடிசுகள் ஸ்கேட்ஸோடு தளத்தில் இறங்கிவிடுவார்கள். மட்டை அவர்கள் தோளுயரம் இருக்கும். விழுவார்கள், எழுவார்கள், யாரும் ஓடிப்போய்த் தூக்கிவிட மாட்டார்கள். தக்காளி தேய்த்த ரொட்டியைப் பிட்டுக்கொண்டே என் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர், டேனரியில் ஓய்வு பெற்றவர், அந்தப் பிள்ளைகளில் யார் எந்தத் தெரு, யாருடைய பேத்தி என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். பெரிய அணியில் ஆடுபவர்களையும் அப்படியே சொல்வார். வீரர்கள் ஊரார் கண்ணெதிரே வளர்ந்தவர்கள். தோற்றால் அடுத்த நாள் ரொட்டிக் கடையில் பதில் சொல்லியாக வேண்டும்.

கத்தலோனியா முழுக்கவே இந்த ஆட்டம் இப்படிச் சிற்றூர்களில் வேர்விட்டது. 1951-இல் உலகப் போட்டி பார்சிலோனாவில் நடந்து ஸ்பெயின் முதன்முறையாக வென்றது. அதை அங்கே கொண்டுவரப் பாடுபட்டவர் பின்னாளில் ஒலிம்பிக் கமிட்டியின் தலைவரான சமரான்ச். 1966-இல் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற வொல்த்ரெகா, சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் ஊர். அடுத்து ரெயுஸ், 1967 முதல் 1972 வரை தொடர்ந்து ஆறு முறை. அதன் பிறகுதான் பார்சிலோனாவின் காலம். அந்தப் பெரிய கிளப் இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட முறை வென்றிருக்கிறது. அந்தப் பட்டியலில் நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக 'இகுவலாடா, இகுவலாடா' என்று வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு நிறைகிறது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்தைக் காட்சிப் போட்டியாகச் சேர்த்தார்கள். அர்ஜென்டினா முதலிடம், ஸ்பெயின் இரண்டாமிடம். அதோடு சரி, ஒலிம்பிக் கதவு மறுபடி திறக்கவே இல்லை. இன்னொரு பக்கம், போர்ச்சுகலில் போர்ட்டோ, பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் எல்லாம் கால்பந்துப் பணம் உள்ள கிளப்புகள். கத்தலோனியச் சிற்றூரில் தேறிவரும் பையனுக்கு அங்கே போகாமல் இருக்கக் காரணம் குறைவு. போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகளை வைத்தே ஐரோப்பாவை வெல்லலாம் என்றிருந்த அந்தக் காலம் போனது பேரிழப்பு. அதை இழப்பென்று உரக்கச் சொல்லத்தான் வேண்டும்.

2020 மார்ச்சில் இகுவலாடாவின் பெயரை இங்கே தொலைக்காட்சியில் கேட்டேன். கொரோனா பரவியதால் ஊரையும் சுற்றியிருந்த மூன்று ஊர்களையும் அடைத்துவிட்டார்கள். கத்தலோனியாவில் முதலில் பூட்டப்பட்டது அந்தப் பகுதிதான். ஆறு கோப்பைகள் வென்றபோது உலகம் கேட்காத பெயரை அன்று எல்லோரும் உச்சரித்தார்கள். நான் நினைத்ததெல்லாம் அந்த அரங்கத்துப் படிக்கட்டில் உட்காரும் முதியவர்களைத்தான். வயதானவர்களைத் தேடித்தேடி அடித்த நோய் அது. என் பக்கத்து இருக்கைப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்டு எழுதக்கூட அன்று கை வரவில்லை.

இப்போதும் சில ஆட்டங்களை இணையத்தில் பார்க்கிறேன். பந்து கண்ணுக்கே சிக்குவதில்லை. மட்டை அசைவதும் கோல் விழுவதும்தான் தெரிகின்றன. அரங்கத்தில் இருந்தால் மரத்தளத்தில் சக்கரம் உரசும் சத்தத்தை வைத்தே யார் திரும்புகிறார், யார் வேகம் பிடிக்கிறார் என்று புரியும்.

பார்சிலோனா போகிற நம்மவர்கள் காம்ப் நோவையும் கௌடியின் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு ஒரு சனிக்கிழமை மிச்சமிருந்தால் பிளாசா எஸ்பான்யாவில் அனோயா தடத்து ரயிலைப் பிடியுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் இகுவலாடா வந்துவிடும். அன்று ஊரில் ஆட்டம் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கோலுக்குப் பின்பக்கமாக உட்காருங்கள்.