வண்டி நின்ற பிறகு விபூதி

தைப்பூசம் நெருங்கும் நாள்களில் திண்டுக்கல்–பழநி சாலையில் பல வகைப் போக்குவரத்து ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்கின்றது. ஓரத்தில் பச்சை வேட்டியும் காவி வேட்டியும் உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம். நடுவில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் செல்லும் லாரிகளும், அங்கிருந்து சரக்கேற்றிப் புறப்பட்ட லாரிகளும். இவற்றுக்கிடையே புகுந்து வருபவை யாத்திரை வேன்கள். ஆயக்குடியை நெருங்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சாலையோரத்தில் கூடை கூடையாகக் குவித்திருக்கும் கொய்யாப்பழம்தான் அது. அதைக் கண்டதும் வேனின் பின்னிருக்கையிலிருந்து "நிறுத்துப்பா, நிறுத்து" என்று ஒரு குரல் எழும். குரலுக்குரியவர் அதற்குள் எழுந்து நின்றுவிட்டிருப்பார்.

யாத்திரை வேன் புறப்பட்ட அரை மணி நேரத்தில் வீடாகிவிடுகின்றது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்படும்வரை அது வாகனம். ஊர் எல்லை தாண்டியதும் ஒருவர் புளியோதரைத் தூக்கைத் திறப்பார். ஒருவர் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே நடைபாதையில் வருவார். கந்த சஷ்டி கவசம் தொடங்கினால் நன்றாகப் பாடக்கூடியவர் முன்னால் போய் ஓட்டுநருக்கு அருகிலிருக்கும் என்ஜின் மூடியின்மேல் எல்லோரையும் பார்த்தபடி அமர்வார். மாத்திரைப் பை மேல்தட்டில் இருக்கும்; அதை எடுக்க எழுபது வயதுக்காரர் ஒருவர் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு நிற்பார். வீட்டுக் கூடத்தில் நடப்பதைப் போலவே நடக்கின்றார்கள். கூடம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் நினைவிலிருப்பதில்லை.

வண்டிக்குள் நிற்பவரும் அந்த 60 கிலோமீட்டர் வேகத்திலேதான் போய்க்கொண்டிருக்கின்றார். பிரேக் பிடிப்பது வண்டியைத்தான், அவரை அல்ல. ஓட்டுநர் பிரேக்கைச் சற்றுப் பலமாக அழுத்தினால், நடைபாதையில் எதையும் பிடிக்காமல் நிற்பவர் இரண்டு மீட்டர் தூரம் முன்னோக்கித் தள்ளப்பட்டு எதன்மீதாவது மோதும்போது ஏறத்தாழ மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவார். ஒருவர் வேகமாக ஓடிப்போய்ச் சுவரில் முட்டிக்கொள்வதற்கு அது சமம். இதற்கு விபத்து ஏதும் வேண்டியதில்லை. ஒரு ஆடு குறுக்கே வந்தால் போதும். விபத்தே நேர்ந்து, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி எதிலாவது மோதி நின்றால், அப்போது பிடிமானமின்றி இருப்பவருக்கு அது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி அந்த உயரந்தான். மடியில் வைத்திருக்கும் 10 கிலோக் குழந்தை அந்தக் கணத்தில் சில நூறு கிலோ எடையாக இழுக்கும். எந்தப் பாட்டியின் கையும் அதைத் தாங்காது. அன்பு குறைவதால் அல்ல, கணக்கு அப்படி.

ஆயக்குடியில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவரின் மனைவிக்கு இந்தக் கணக்கு மோதலின்றியே, வெறும் பிரேக்கிலேயே நேர்ந்தது. கிருத்திகைதோறும் பழநி மலையின் 693 படிகளையும் ஏறி வந்தவர் அந்த அம்மையார். அறுபடை வீடுகளுக்கு ஊர்க்காரர்களோடு வேனில் போய்த் திருச்செந்தூர் தரிசனம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டியாயிற்று, இன்னும் சிறிது நேரத்தில் வீடு. இறங்குவதற்குள் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டுமென்று, பன்னீர் இலையில் வைத்துக் கொடுக்கும் திருச்செந்தூர் விபூதியை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். இடக்கையில் இலைகள், வலக்கையால் ஒவ்வொருவருக்கும் கொடுத்தபடி முன்னோக்கி வந்தார். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. பாதயாத்திரைக் குழுவிலிருந்து ஒரு சிறுவன் சாலையின் மறுபக்கத்திலிருந்த தண்ணீர்ப் பந்தலை நோக்கி ஓடினான். ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் செய்தார். சிறுவனுக்கு ஒன்றுமில்லை. வேனுக்குக் கீறல்கூட இல்லை. அம்மையாருக்கு இடது இடுப்பெலும்பு முறிந்தது.

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, எலும்பின் சுண்ணாம்புச் சத்து குறைந்து போயிருப்பதால் இருபது வயதில் சிராய்ப்போடு முடிந்திருக்கும் விழுதல் முறிவில் முடிகின்றது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் கணிசமானோர் ஓராண்டுக்குள் இறந்துபோகின்றனர். பிழைத்தவர்களில் பலர் பழைய நடையை மீட்பதில்லை. இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுவதுண்டு. வண்டி ஆடாவிட்டாலும் அவர்கள் ஆடுவார்கள். இதய நோய்க்காக இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து உட்கொள்பவர் கம்பியில் தலையை இடித்துக்கொண்டால், வெளியே காயமில்லாவிட்டாலும் மண்டைக்குள் இரத்தம் கசியலாம். அப்படி இடித்துக்கொண்டவரை விபூதி பூசி உட்காரவைத்தால் மட்டும் போதாது, மருத்துவரிடம் காட்டவேண்டும்.

அம்மையாருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆறு மாதம் கழித்து ஊன்றுகோலுடன் நடந்தார். இப்போது மலைக்கு இழுவை ரயிலில் போகின்றார். "படியேறாமப் பாத்தா சாமி பாத்த மாதிரியே இல்லீங்க" என்று சொல்வதைத் தவிர வேறு குறை சொல்வதில்லை.

மறு ஆண்டு, சிகாகோ அருகே வசிக்கும் மகன் இருவரையும் அழைத்துக்கொண்டான். தாயாருக்குக் காரில் நெடுநேரம் உட்கார முடியாது என்று, வீடு போன்ற வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தான். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும். நம்மூரில் சினிமாக்காரர்கள் ஓய்வெடுப்பதால் கேரவன் என்று எல்லோருக்கும் தெரிந்த வண்டிதான். அதை இப்போது கேரள அரசு 2021இல் சுற்றுலாத் திட்டமாகவே ஆக்கியிருக்கிறது. அவர்கள் போனது பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்கு. 1970களில் திருமலைக் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த ஆலயம். சிகாகோவிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் பெரியவர், அம்மையார் கட்டிலில் படுத்துக்கொள்ளட்டும் என்றார். தாம் எழுந்து காப்பி போடப் போனார். பத்து வயதுப் பேத்தி பின்னாலிருந்து, "தாத்தா, உக்காருங்க. பெல்ட் போடுங்க. அப்பத்தாவும்தான்" என்றாள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு பெல்ட்டா என்று பெரியவர் சிரித்தார். அந்நாட்டிலும் பின்புறம் இருப்பவர்கள் பெல்ட் அணிய வேண்டுமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகின்றது. ஆகையால் அங்கும் கட்டிலில் படுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மகனோ சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஓடும் வண்டிக்குள் அடுப்பு எரியாது, எரிவாயுக் குழாயை மூடிவிட்டுத்தான் புறப்பட்டிருக்கிறேன், இரண்டு மணி நேரத்துக்கொருமுறை நிறுத்துவேன், அப்போது நடங்கள், படுங்கள், காப்பி குடியுங்கள் என்றான். முன்னோக்கிய இருக்கையில் பெல்ட் மாட்டி அம்மையாரை உட்காரவைத்தான். பக்கவாட்டில் போட்டிருந்த சோபா இன்னும் மெத்தென்று இருந்தது. ஆனால் மோதலில் உடம்பு பக்கவாட்டில் மடங்குவதை இடுப்பு பெல்ட் தடுக்காது என்பதால் அதை வேண்டாமென்றான்.

பெரியவரை மாற்றியது மகனின் விளக்கம் அன்று. பூட்டாமல் விட்டிருந்த அலமாரிக் கதவொன்று ஒரு வளைவில் திறந்து, உள்ளிருந்த எவர்சில்வர் சம்புடம் பறந்து போய், அவர் காப்பி போட நின்றிருக்க வேண்டிய இடத்தில் சுவரில் மோதிற்று. சம்புடத்தில் பள்ளம் விழுந்தது. அதை அவர் ஆயக்குடிக்குக் கொண்டுவந்து வைத்திருக்கின்றார்.

பின்னிருக்கை பாதுகாப்பானது என்னும் நம்பிக்கை படித்தவர்களிடமும் உண்டு. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் மராட்டிய மாநிலம் பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் நிகழ்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் பின்னால் அமர்ந்திருந்தவரும் இறந்தனர். இருவரும் பெல்ட் அணியவில்லை. முன்னால் இருந்த இருவரும் காயங்களுடன் உயிர் பிழைத்தனர். பின்னால் பெல்ட் அணியாதவர் தாம் மட்டும் அடிபடுவதில்லை. முன்னால் இருப்பவர் மீதும் போய் விழுகின்றார். பெல்ட் பொருத்திய வாகனத்தில் அதை அணியாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கின்றது. அபராதத்துக்குப் பயந்தாவது அணியலாம்.

யாத்திரை வண்டிகளில் மற்றோர் அபாயம் நெருப்பு. 2023 ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்து எரிந்தது. லக்னோவிலிருந்து தென்னகத் தலங்களுக்கு வந்த யாத்திரிகர்களின் பெட்டி அது. நாகர்கோவிலிலிருந்து வந்து, மதுரையில் தனியே கழற்றி விடப்பட்டிருந்தது. விதிக்குப் புறம்பாக உள்ளே எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். விடியலில் தேநீர் போட்டபோது தீப்பற்றியது. 9 பேர் இறந்தனர். அவர்கள் செய்தது கொடிய குற்றமாக யாருக்கும் தோன்றியிருக்காது. நெடும்பயணம், வயதானவர்கள், சூடாக ஒரு வாய் தேநீர். அந்தப் பெட்டி ஓடாமல் நின்றுகொண்டிருந்தது, அப்படியும் நேர்ந்தது. அப்படியிருக்க, ஓடும் வேனில் ஸ்டிரிங் முன்னால் இருக்கும் முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டுகின்றவர்களை என்னவென்று சொல்வது? திரைச்சீலை, நுரைமெத்தை, காகிதத் தட்டு, நைலான் சேலை என்று பற்றக்கூடியவை எத்தனை! மேல்தட்டில் எண்ணெய்ப் புட்டி வேறு. வண்டியை நிறுத்திக் கீழே இறங்கிக் காட்டினால் ஆறுமுகன் ஏற்கமாட்டானா?

முதியோர் யாத்திரை இனிப் பெருகும். அறநிலையத் துறையே 60 வயது கடந்த பக்தர்களை அறுபடை வீடுகளுக்குக் கட்டணமின்றி அழைத்துச் செல்லும் திட்டத்தை 2024இல் தொடங்கிவிட்டது. வயதானவர்கள் போகக் கூடாது என்பதல்ல. ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் அல்ல. அப்படி உட்கார்ந்தால் கால் வீங்கும். சிலருக்குக் காலில் இரத்தம் உறையவும் கூடும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்பவர் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகின்றார்; அது இன்னும் கெடுதல். ஆகவே வண்டிக்குள் நடமாடாதிருக்க வேண்டுமானால் வண்டி அடிக்கடி நின்றாக வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் யாத்திரை நடத்துபவர்கள் மறந்துவிடுகின்றார்கள். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்கள் என்று நோட்டீசு அடித்துவிட்டு, நிறுத்தினால் நடை சாத்திவிடும் என்று ஓட்டுநரை விரட்டினால், புளியோதரையும் மாத்திரையும் ஓடும் வண்டியில்தான் பரிமாறப்படும். பயணிகள் எழுந்து நிற்பதற்கு அவர்கள் மட்டும் பொறுப்பல்ல.

ஊர் திரும்பிய பெரியவர் அடுத்த யாத்திரைக்கு முன் வேன் உரிமையாளரிடம் போய், இருக்கைகளில் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, புது உறை தைத்தபோது எல்லாவற்றையும் உறைக்கு அடியில் மடித்துத் தைத்துவிட்டிருந்தார்கள். பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. மாத்திரைப் பையும் தண்ணீரும் மடியோரத்தில். கனமான தூக்குகள் இருக்கைக்கு அடியில். மேல்தட்டில் துணிமணி மட்டும். எழ வேண்டியவர் முதலில் ஓட்டுநருக்குச் சொல்ல, அவர் ஓரங்கட்டிய பிறகு எழுவது. இவ்வளவுதான் ஏற்பாடு. தலங்களில் இரண்டைக் குறைத்தார்கள். அதற்குத்தான் முணுமுணுப்பு அதிகம். "முருகன் பாத்துக்கமாட்டானா, மாமா?" என்று ஒருவர் கேட்டார். "அவன் பாத்துக்கிட்டுத்தான் இருந்தான். இவதான் எந்திரிச்சு நின்னா" என்றார் பெரியவர். அம்மையார் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

இந்த முறையும் திருச்செந்தூர் விபூதி அவர் கையில்தான் இருந்தது. சாத்தூருக்கு அருகே வேன் தேநீருக்கு நின்றபோது, ஊன்றுகோலைக் கதவில் சாய்த்து வைத்துவிட்டுப் படிக்கட்டின் கீழே நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார். இறங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். ஓட்டுநர் கடைசியாக வந்தார். அவருக்கு இரண்டு இலை கொடுத்தார்.