வேலியாய் நின்றவர்

வயலோரம் செல்வோர் விளைந்த பயிரைக் கண்டு மகிழ்வர். வேலியைக் கண்டு மகிழ்ந்தாரை நாம் அறியோம். வேலியிற் பொட்டு விழுந்து மாடு நுழைந்த அன்றுதான் அதனை அடைத்தவன் பெயர் ஊரில் அடிபடும். உதைபந்தாட்டத்திற் பின்காவலனின் நிலையும் இதுவேயாம்.

சென்ற தவணையில் எம் மாணவன் ஒருவன் முகம் வாடி வந்து நின்றான். முன்வரிசையில் ஆடிவந்த அவனைப் பயிற்றுவிப்பாளர் பின்காவலுக்கு மாற்றிவிட்டாராம். "இனி ஆர் சேர் என்னைப் பாக்கப்போகினம்?" என்றான். நாம் உடனே மறுமொழி கூறவில்லை. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நிற்கும் எமக்கும் அவ்வினா புதிதன்று. எம்மிடம் கற்றோர் மாலை சூடி நின்ற விழாக்களில், சபையின் கடைசி வரிசையில் அமர்ந்து, அதே வினாவை நாமும் மனத்துள் எழுப்பியதுண்டு.

ஆகவே அவனை அருகிருத்தி, ஸ்பெயின் நாட்டுச் சேசர் அஸ்பிலிகுவேத்தாவின் கதையைக் கூறினோம்.

அவர் 1989இல் நவாரா மாகாணத்துப் பம்ப்லோனா நகரிற் பிறந்தவர். 1542இல் இந்தியாவுக்கு வந்த சவேரியாரின் அன்னையாரும் அக்குடிப்பெயரையே தாங்கியவர் என்றால், அப்பெயரின் பழமை விளங்கும். உள்ளூர் ஒசசுனா கழகத்தில் வளர்ந்த அவர், 2010இல் பிரான்சின் மார்செய் கழகத்திற் சேர்ந்தார். சில மாதங்களிலேயே முழங்காலின் இணைப்பிழை அறுந்தது. அப்போது வயது 21. இருந்ததோ அந்நிய நாடு. பல மாதம் பொறுத்திருந்து மீண்டும் களம் புகுந்தார்.

2012இல் இலண்டனின் செல்சி கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஆங்கில இரசிகரின் நாவுக்கு அவர் பெயர் வசப்படவில்லை. 'டேவ்' என்று சுருக்கிவிட்டனர். நூற்றாண்டுகள் கண்ட பெயர் ஈரெழுத்தாயிற்று! அவர் சினந்தாரல்லர். பெயரை மட்டுமோ? இடத்தையும் விட்டுக்கொடுத்தார். வலக்கால் வீரரான அவரை இடப்புறம் நிறுத்தினர், நின்றார். பின்னர் நடுக்காவலில் நிறுத்தினர், அங்கும் நின்றார். 2016–17 பருவத்திற் பிரீமியர் லீக்கின் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடமேனும் களம் நீங்காது ஆடினார். அப்பருவத்துக் கிண்ணம் செல்சிக்கே உரியதாயிற்று. 2021இல் அணித்தலைவராக ஐரோப்பியச் சம்பியன்ஸ் கிண்ணத்தைக் கையில் உயர்த்தினார்.

"அப்ப அவரை எல்லாரும் பாத்திருப்பினம்தானே சேர்?" என்றான் மாணவன்.

பார்த்தனர்தாம். ஆயினும் அவரை நாம் உள்ளபடி அறிந்துகொண்டது மற்றோர் இரவில். 2022 பெப்ரவரியில் அபுதாபியிற் கழகங்களுக்கான உலகக் கிண்ண இறுதியாட்டம் நிகழ்ந்தது. தொலைக்காட்சியின் முன் நாம் விழித்திருந்தோம். பிரேசிலின் பல்மெய்ராஸ் அணியோடு 1–1 எனச் சமநிலை. மேலதிக நேரமும் முடியுந் தறுவாய். செல்சிக்குத் தண்டனை உதை ஒன்று கிடைத்தது. அஸ்பிலிகுவேத்தா பந்தைக் கையிலெடுத்தார். உதைப்பவர் அவரே என எண்ணிய எதிரணியினர் அவரைச் சூழ்ந்து நின்று, சொல்லாலும் செயலாலும் அவர் மனத்தைக் கலைக்க முற்பட்டனர். அத்தனையையும் தாமே ஏற்று நின்றார். ஆரவாரம் ஓய்ந்ததும் பந்தை ஹாவெர்ட்ஸின் கையிற் கொடுத்து அப்பாற் சென்றார். கலக்கமின்றி நின்றிருந்த அவ்விளைஞர் உதைத்தார், கோல்! கிண்ணம் செல்சியைச் சேர்ந்தது. ஏட்டில் உள்ளது ஹாவெர்ட்ஸின் பெயரே.

508 ஆட்டங்களின் பின், 2023இல், அஸ்பிலிகுவேத்தா செல்சியை நீங்கித் தாய்நாடு மீண்டார்.

மாணவன் சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அடிச்சவருக்குத் தெரியுந்தானே சேர், ஆர் தாங்கி நிண்டது எண்டு?" என்றான்.

அவன் தேறிப் போய்விட்டான். நாம் அங்கேயே அமர்ந்திருந்தோம். முன்னொருநாள் மேடையில் மாலை சூடிய ஒருவன், சபையின் கடைசி வரிசையை நோக்கிச் சற்றே தலை தாழ்த்தினான். அதனைத் தற்செயல் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தோம்.