வன்னி வழியே ஐந்து நாள்

விடுமுறை என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவது நுவரெலியாவே. கம்பளி போர்த்துக்கொண்டு கிறகரி வாவியைச் சுற்றி வருவதில் எமக்கும் வெறுப்பில்லை. எனினும் இவ்வாண்டு ஆனி மாதத்தில் நாம், கணவனும் மனைவியுமாக, ஐந்து நாள்களை வன்னி ஊர்களிற் கழிப்பதெனத் தீர்மானித்தோம். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்றனர் உறவினர் பலர். "அங்கே போய் எப்படி விடுமுறை கொண்டாடுவது?" என்றார் ஒருவர். அந்த இரண்டாவது வினா எம்முடன் புகையிரதத்திலேயே ஏறிக்கொண்டது.

1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் வடக்குப் பயணம் 1990 இல் நின்றது. கிளிநொச்சிக்கு மீண்டும் புகையிரதம் வந்தது 2013 இல். யாழ்ப்பாணத்துக்கு 2014 இல். வவுனியாவில் நாம் ஓரிரவே தங்கினோம். கடைத்தெருவின் சந்தடியும் குளக்கட்டின் மாலைக்காற்றும் அதற்குப் போதும்.

மாங்குளத்தில் திரும்பினால் பாதையின் இருமருங்கும் பாலையும் வீரையும். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 இல் தோற்கடித்தமையைக் கூறும் கல்லொன்றை ஆங்கிலேயர் நாட்டினர். வென்றவன் புகழுக்காக நாட்டிய கல். ஊர்ப்பிள்ளைகளின் வாயில் வாழ்வதோ தோற்றவன் பெயர்!

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலை அடைந்தபோது வைகாசிப் பொங்கல் முடிந்திருந்தது. மதுரையை எரித்த கண்ணகி கிழவியாய் நந்திக்கடலோரம் வந்தாளாம். மாடு மேய்க்கும் சிறுவர் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தனராம். எண்ணெய் இல்லாமையாற் கடல்நீரில் விளக்கேற்றினராம். பொங்கலுக்கு இன்றும் கடல்நீரிலேயே விளக்கெரிப்பர். சினந்து வந்தவளைச் சோறிட்டு ஆற்றிய கதை இது.

முல்லைத்தீவில் வலை உலர்ந்த மணலிற் சிறிது நடந்தோம். 2004 இன் ஆழிப்பேரலை வந்த கரை அது. பின் வட்டுவாகற் பாலத்தைக் கடந்து முள்ளிவாய்க்காலை அடைந்தோம். ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் நந்திக்கடல், இடையே ஒடுங்கிய நிலம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது இங்கேதான். கடல் மிக அழகாயிருந்தது. அதுவே எம்மை வருத்திற்று. எம்முள் ஒருவர் படப்பெட்டியை எடுத்தார். மற்றவர் அதைப் பையில் வைக்கச் சொன்னார். யார் எவர் என்பதை வாசகர்க்குக் கூறப்போவதில்லை.

சிறு கடையொன்றில் தேநீர் கேட்டோம். கடைக்கார அம்மா, "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்றார். விடுமுறைக்கு என்ற சொல் தொண்டையை விட்டு வரவில்லை. "ஒருத்தரையும் இல்லை அம்மா, சும்மா ஊரைப் பாக்க" என்றோம். அவர் எம்மைச் சற்று நோக்கினார். பிறகு வாங்கை முந்தானையால் துடைத்து, "அப்ப இருங்கோ, அவசரமில்லைத்தானே" என்றார். நாம் ஒரு மணிநேரம் இருந்தோம். அவர் பேசியது பெரும்பாலும் ஆட்டுக்குட்டிகளைப் பற்றியே.

கடைசி மாலை இரணைமடுக் குளக்கட்டில். கனகராயன் ஆற்றை மறித்த இந்நீரை நம்பியே 1930களில் யாழ்ப்பாணத்தார் பலர் காடு வெட்டிக் கிளிநொச்சியிற் குடியேறினர். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்கு நீர் விடுவதென்பதை இன்றும் கமக்காரர் கூட்டம் கூடியே தீர்மானிக்கின்றனர். எமக்கருகே இருவர் அதைக் குறித்தே உரத்து வாதாடிக்கொண்டிருந்தனர். இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம், பேருந்தைத் தவறவிட்டோம்.