பொதி ஏறும் முதுகில் பிள்ளைகளும் ஏறட்டும்

பெரியகுளத்திலிருந்து சோத்துப்பாறை அணைக்குப் போகும் சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள். அணையைத் தாண்டினால் அகமலைப் பக்கம் ஏறும் மலைப்பாதை. சாலை எட்டாத குடியிருப்புகளிலிருந்து காப்பியும் மிளகும் இலவங்காயும் குதிரை முதுகில் கீழே வருகின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய் அதே முதுகில் மேலே போகின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் இப்படித்தான் மலையேறும். அந்தப் படம் மறுநாள் நாளிதழில் வரும், பிறகு அடுத்த தேர்தல் வரைக்கும் இந்தக் குதிரைகளை யாரும் நினைப்பதில்லை.

நான் போனது வேறொரு கேள்வியோடு. கால் விறைத்துப்போன, முதுகு நிமிராத, பேச்சு வராத பிள்ளைகளைக் குதிரைமேல் உட்காரவைத்து, மெதுவாக நடத்திப் பயிற்சி கொடுக்கும் முறை பல நாடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கான தேசிய அமைப்புகள் 1969-லேயே உருவாகிவிட்டன. சிங்கப்பூரில் 1982 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு இலவசமாக நடத்துகிறார்கள். குதிரை இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் தேனி மாவட்டத்தில் இது முடியாதா?

மாசி மாதக் காலை. அடிவாரத்தில் மூன்று குதிரைகள் நின்றன. மூன்றுமே மட்டக்குதிரைகள், என் தோள் உயரம்கூட இல்லை. ஒன்றின் முதுகில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பொதி ஏற்றிக்கொண்டிருந்தார் குதிரைக்காரர். இடப்பக்கம் ஒரு மூட்டை, வலப்பக்கம் ஒரு மூட்டை. கயிற்றை இழுத்துக் கட்டியதும் நேராகக் குதிரையின் பின்னால் போய் நின்றார். சில நொடி பார்த்தார். திரும்பி வந்து வலப்பக்க மூட்டையிலிருந்து இரண்டு கை அரிசியை அள்ளி மற்றதில் போட்டார்.

“எதுக்குண்ணே?”

“ஒரு பக்கம் சாயுது தம்பி. மேல போறதுக்குள்ள முதுகு புண்ணாயிரும். அதுவும் சாஞ்சு சாஞ்சே நடக்கும், அப்புறம் கால் போயிரும்.”

எனக்கு அங்கே எந்தச் சாய்வும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. இந்த மலைப்பயணத்தில் நான் கண்டவற்றில் முக்கியமானது அந்தப் பார்வைதான்.

குதிரைச் சிகிச்சையின் அடிப்படையும் அதுவே. குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒரே தாளத்தில் அசைகிறது. அந்த அசைவு மேலே இருப்பவரின் இடுப்புக்குள் இறங்குகிறது. நாம் இரண்டு காலில் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இதே விதம். பிறந்ததிலிருந்து ஓர் அடிகூட நடக்காத பிள்ளையின் இடுப்புக்கு, நடை என்பது எப்படி இருக்கும் என்று குதிரை சொல்லிக்கொடுக்கிறது. விழாமல் இருக்க அந்தப் பிள்ளை ஒவ்வோர் அடிக்கும் தன் உடம்பைத் திருத்திக்கொள்கிறது. குதிரையின் உடல்சூடு நம்முடையதைவிடச் சற்றே அதிகம், 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அகன்ற வெதுவெதுப்பான முதுகில் தொடைகள் விரிந்து கிடக்கும்போது, மூளை முடக்குவாதத்தால் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் கால்கள் மெல்லத் தளர்கின்றன. இதையெல்லாம் கவனிக்கும் இயன்முறை மருத்துவர் அடிக்கடி எங்கே போய் நிற்பார் தெரியுமா? குதிரைக்குப் பின்னால். பிள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும்.

2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மூளை முடக்குவாதம் உள்ள 15 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரை 8 நிமிடம் குதிரை மேலும், சிலரை அதே 8 நிமிடம் அசையாத பீப்பாய் மேலும் உட்காரவைத்தார்கள். குதிரைமேல் இருந்தவர்களின் இடவலத் தசைகள் சமமாக இயங்குவது கூடியது, பீப்பாய்மேல் இருந்தவர்களிடம் அந்த அளவு மாற்றமில்லை. ஆட்டிசம் உள்ள 127 பேரை வைத்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், 10 வாரப் பயிற்சிக்குப் பிறகு எரிச்சலும் மிகை இயக்கமும் குறைந்தது பதிவாகியிருக்கிறது. அதில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே லாயச் சூழலையே கொடுத்தார்கள், குதிரையைத் தொடுவதைத் தவிர. நோயைக் குணமாக்கும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. செய்துவரும் பயிற்சிகளோடு சேர்த்தால் கைகொடுக்கும், அவ்வளவுதான். ஒரு பிள்ளை கழுத்தை நேராக வைத்துக்கொண்டு தானாக ஒரு வாய் சோறு விழுங்குவதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வீட்டில் இந்த ‘அவ்வளவு’ பெரிய அளவு.

டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல்லை இங்கே சொல்லியாக வேண்டும். 1944-இல், 23 வயதில், கர்ப்பமாக இருந்தபோது அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவே இல்லை. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரை நடைப் பயிற்சிப் போட்டியில் பெண்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டார்கள். ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார் லிஸ். குதிரையிலிருந்து இறங்கவும் மேடை ஏறவும் அவருக்குக் கைத்தாங்கல் வேண்டியிருந்தது. குதிரை மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1956-இலும் வெள்ளி. ஐரோப்பாவில் குதிரைச் சிகிச்சை பரவியதற்கு அவருடைய வாழ்க்கை பெரிய தூண்டுதல்.

குதிரைக்கும் உடல்நலத்துக்கும் இந்த மலையடிவாரத்தில் பழைய உறவு ஒன்றும் இருக்கிறது. சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மலைச்சாலை வரும்வரை பல பத்தாண்டுகள் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்துதான் ஏற்றம் தொடங்கியது. நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், மற்றவர்கள் மட்டக்குதிரையிலும் டோலியிலும் போனார்கள். நோயாளியைச் சுமந்து மலையேறிய குதிரைகளின் ஊர் இது.

அடுத்து நான் போனது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வட்டார வள மையத்துக்கு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், குறிப்பிட்ட நாள்களில் இயன்முறை மருத்துவர் அங்கே வந்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். சுவரோரம் நடைபழகும் இணைக்கம்பிகள், ஒரு பெரிய பந்து, உருளை மெத்தை. ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்றை அந்த உருளையின் இருபுறமும் கால் போட்டு உட்காரவைத்து, உருளையை ஆட்டிக்கொண்டிருந்தார் அவர். பார்த்ததும் புரிந்தது: குதிரை செய்வதை இரண்டு கைகளால் செய்துகொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது. குதிரைக்கு அரை மணி நேரம் நடை என்பது ஒன்றுமே இல்லை.

பிள்ளையைக் கொண்டுவந்திருந்தது அப்பத்தா. அம்மா விடியுமுன்னே ஜீப்பில் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தார். “மருமக ஒருநா வந்தா ஒருநாக் கூலி போச்சு சாமி. அதான் நானே தூக்கியாறேன். இவனும் கனத்துட்டான், எனக்கு இடுப்பு கழண்டுரும்போல இருக்கு” என்றார். இந்தப் பள்ளத்தாக்கில் எதைத் தொடங்கினாலும் அந்த அப்பத்தாவின் இடுப்பையும் அந்த மருமகளின் கூலியையும் கணக்கில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். நகரத்துக் குதிரையேற்றப் பள்ளி மாதிரி கட்டணம் வைத்தால், வர வேண்டியவர்கள் வர மாட்டார்கள்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு தோப்பில் பந்தயக் குதிரைகளைப் பார்த்தேன். திருவிழாக்களில் மாட்டுவண்டிப் பந்தயம் போலவே குதிரைவண்டிப் பந்தயமும் இங்கே உயிர்ப்போடு நடக்கிறது. பிள்ளையைப் போலத்தான் வளர்க்கிறார்கள்: ஊறவைத்த கொள்ளு, தேய்ப்பு, குளியல், லாடம் மாற்ற நாள் கணக்கு. ஆனால் இந்தக் குதிரைகள் சிகிச்சைக்கு ஆகாது. ஓடுவதற்கென்றே பழக்கிய உடம்பு நிற்கச் சொன்னால் நிற்காது. வாழையிலை காற்றில் படபடத்ததற்கே ஒன்று காதை விடைத்துக்கொண்டு பின்வாங்கியது. ஆடி மாதக் காற்றில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் படபடக்கும் என்பதை நினைத்துக்கொண்டேன். சிகிச்சைக்குத் தேவை அந்தப் பொதிக்குதிரைதான். வயதான, அவசரமில்லாத, கூச்சலுக்கு மிரளாத குதிரை. இந்தியச் சட்டப்படி, 1965-ஆம் ஆண்டின் பொதிவிலங்கு விதிகளில், மட்டக்குதிரைக்கு அனுமதிக்கப்பட்ட உச்சச் சுமை 70 கிலோ. ஆறேழு வயதுப் பிள்ளையின் எடை அதில் பாதிகூட வராது. மலைக்குச் சாலை போடப் போட இந்தக் குதிரைகளின் வேலை குறைந்துகொண்டே வருகிறது. குதிரை போனால் குதிரைக்காரரின் அந்தப் பார்வையும் போய்விடும்.

அதேசமயம், பந்தயக்காரர்களிடம் வேறொன்று இருக்கிறது: ஆள்பலம். குதிரைச் சிகிச்சையில் ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் தேவைப்படலாம். ஒருவர் கடிவாளம் பிடித்து முன்னே நடப்பார். இருபுறமும் ஒவ்வொருவர் பிள்ளையின் தொடையில் கைவைத்தபடி கூடவே நடப்பார்கள். ஏற்றி இறக்க ஒரு மேடை, சரிவுப் பாதை, தலைக்கவசம், மெத்தென்ற மண்தரை. இவற்றைச் செய்வது பெரிய செலவில்லை. வாரம் தவறாமல் கூட நடக்க ஆள் கிடைப்பதே கடினம். பந்தயக் குதிரைக்கு விடியற்காலையில் கூட ஓடும் இளவட்டங்கள் இருக்கிற ஊரில், அந்த ஆளைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. குதிரையை அறிந்தவர்கள், பயப்படாதவர்கள். கற்றுக்கொடுக்க வேண்டியது பிள்ளையைப் பிடிக்கும் விதம் மட்டும்.

ஊர்க்காரர்களே மறுவாழ்வுப் பணியைத் தாங்க முடியுமா என்ற சந்தேகம் வருபவர்கள் தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்குப் போய்ப் பார்க்கலாம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு தேடிப்போய்ச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். அங்கே குதிரை இல்லை. ஆனால் குதிரையைச் சுற்றி இருக்க வேண்டிய ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சான்று.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். கொடைக்கானல் ஏரிக்கரையில் பிள்ளையை ஒரு சுற்றுக் குதிரையில் ஏற்றுவது மகிழ்ச்சிக்காக, அது சிகிச்சை ஆகாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கக்கூடும். எலும்பு மருத்துவர் பார்த்துச் சரி சொல்லாமல் குதிரைப் பக்கமே போகக்கூடாது. இடுப்பு மூட்டு விலகியிருந்தாலும், வலிப்பு கட்டுக்குள் வராமல் இருந்தாலும் அப்படியே. பிள்ளையைத் தனியாக ஏற்றிவிட்டுக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொள்கிறவரை நம்ப வேண்டாம். லாயத்தில் நடமாடும் எல்லோருக்கும் தனுர்வாதத் தடுப்பூசி வேண்டும்.

க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வட்டாரந்தோறும் இயன்முறை மருத்துவர் வந்துபோகிறார். கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இவர்களை ஒருநாள் அந்தக் குதிரைக்காரரோடு உட்காரவைத்தால் போதும், ஒரே ஒரு குதிரை, நான்கைந்து பிள்ளைகள் என்று தொடங்கிவிடலாம். போடியிலோ பெரியகுளத்திலோ கம்பத்திலோ சாதுவான மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள், உங்கள் வட்டார வள மையத்துக்கு ஒருமுறை போய், ‘எங்களிடம் குதிரை இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.